உள்ளிருந்து மூடும் கூரை

டொரண்டோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சிநேகிதியின் ஜீப்புக்குக் கூரை பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். புரட்டுவதை நிறுத்தினார்.

"கூரையா?"

"ஆமாம். இருக்கிற கூரையை வெட்டிவிட்டு வேறு ஒன்று போடப்போகிறாள். அது சரியாக இருக்குமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

"அதற்கு இந்தியாவிலிருந்தா ஆள் வரவேண்டும்?"

நியாயமான கேள்வி. கரூரில் என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார். நான் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை நடத்துகிறவள், அப்பா விட்டுப்போன பட்டறை, கூரை வேலை எனக்குத் தெரியும் என்று விளக்கினேன். திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கேட்டார். சிநேகிதியை எப்படித் தெரியும் என்று கேட்டார். திருச்சியில் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தோம், அவள் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்த குடும்பம், பிறகு கனடாவுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். ஒரு வார்த்தையையும் நம்பாத முகத்தோடு முத்திரை குத்தினார். இந்த ஊரில் நான் சந்திக்கப்போகும் ஒரே சந்தேகப் பிராணி இவர்தான் என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் தள்ளினேன்.

வெளியே வாசுகி நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், தோள் இன்னும் அகலமாகியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் தவராசா, கம்பளித் தொப்பி, கையில் எனக்காக ஒரு குளிர்ச்சட்டை. வாகன நிறுத்தத்துக்கு வந்ததும் வாசுகி கட்டணம் கட்டும் இயந்திரத்தைத் தேடிப் போனாள். அவள் தலை மறைந்த உடனே தவராசா என் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, உது சரிவராது எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னா அவ கேப்பா."

"எதுங்க அண்ணா சரிவராது?"

"அந்தக் கூரைதான். ஏன் எண்டு பேந்து சொல்லுறன்."

வாசுகி திரும்பி வந்தாள். அவர் என் பெட்டியின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்போல ஆகிவிட்டார்.

ஜீப் பழையது, சதுரமான பெட்டி போன்றது, மண்ணும் கல்லுமான காட்டுப் பாதையில் போவதற்கென்றே செய்தது. அதை வைத்துக்கொண்டு வாசுகி ஒரு வருடமாக யோசித்த யோசனை இது. ஜீப்பின் கூரையில் பெரும்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு அதன்மேல் ஒரு மூடி பொருத்துவார்கள். வண்டி ஓடும்போது மூடி படிந்து கிடக்கும். நிறுத்தினால் மேலே எழும்பும். சுற்றிலும் கித்தான் துணிச் சுவர் விரியும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், மேலே பலகை போட்டுப் படுக்கலாம். இங்கே இதைப் பொப்-ரொப் என்கிறார்கள். யாரிடம் கொடுத்துச் செய்வது, எந்த வகையைத் தேர்வது என்பதற்குத்தான் என்னை வரவழைத்திருந்தாள்.

ஸ்காபரோவில் அவர்களுடைய அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். நிலத்தடி வாகன நிறுத்தத்தின் வாசலில் உயர எல்லையைக் குறித்த ஒரு பலகை சங்கிலியில் தொங்கியது. ஜீப் அதைத் தொட்டும் தொடாமலும் உள்ளே நுழைந்தது. பின்சீட்டிலிருந்து தவராசா, "புதுக் கூரை இதைவிட நாலு விரல் உயரம் வரும். உள்ளை விட ஏலாது. நான் அளந்தனான்" என்றார்.

"வெளியிலை விடுவன்" என்றாள் வாசுகி.

அவர்கள் இருவருக்கும் இடையே இந்த உரையாடல் முன்பே பலமுறை நடந்திருக்கிறது என்பது அதன் சுருக்கத்திலேயே தெரிந்தது.

ராத்திரி தவராசா சமைத்தார். குழல் பிட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. எங்கள் பக்கம் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும் போட்ட பலகாரம். இங்கே அது சோறு மாதிரி, குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். மூன்று தட்டுப் பிட்டு தின்றேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. தவராசாவின் தம்பி மகன் எதையோ எடுக்க வந்தான். பக்கத்து வீட்டு அன்ரி கறிவேப்பிலை கேட்டு வந்தார். கோயில் காரியமாக ஒருவர் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். கனடாவில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி வந்த எனக்கு இது ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் எழுந்து கதவைத் திறந்தவள் வாசுகி.

மறுநாள் மூவருமாக நகரின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய காட்சியறைக்குப் போனோம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். கரூரிலும் நெரிசல் உண்டு, ஆனால் அங்கே ஹாரன் அடித்து மனதை ஆற்றிக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நகர்கிறார்கள், அதுவே பயமாக இருக்கிறது.

காட்சியறையில் ஐந்தாறு வண்டிகள் கூரை திறந்து முதலை வாய்போல நின்றன. முன்பக்கம் கீல், பின்பக்கம் மட்டும் எழும்பும் வகை. மேல்மூடி ஃபைபர் கிளாஸ், பளபளப்பு. உள்ளே சின்ன விளக்குகள், மெத்தை, குடிக்கிற கோப்பை வைக்க ஒரு வளையம். விற்பனை இளைஞன் எங்கள் மூவருக்கும் காபி கொடுத்தான். அளவுக்கு மேல் சிரித்தான். பட்டறை நடத்துகிறவளுக்கு அதிகம் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் கை தன்னால், சுரண்டிப் பார்க்க ஓர் ஆணியைத் தேடும்.

"கூரையை அறுத்த ஓரத்தைப் பார்க்க வேண்டும்" என்றேன். "உள் துணி ஒட்டாத வண்டி ஏதாவது இருந்தால் காட்டுங்கள்."

கூரை என்பது வெறும் மூடி கிடையாது. குறுக்கே போகும் சட்டங்கள்தான் வண்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை அறுத்தால் பதிலுக்குச் சுற்றிலும் ஒரு பலமான சட்டம் வைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி உருண்டால் காகிதப் பெட்டிதான். இளைஞன் பட்டறைக்குள் வாடிக்கையாளர்களை விடுவதில்லை என்றான். படம் இருக்கிறதா என்றேன். அனுப்பிவைக்கிறேன் என்றான். ஒட்டிய துணியை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஓர் இடத்தில் கெட்டியாக இருந்தது, ஒரு சாண் தள்ளி மெத்தென்று உள்ளே போனது, அங்கே சட்டமே இல்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

வாசுகி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "உள்ளே இருந்தபடியே, ஒரு ஆள் தனியாக, இதை மூட முடியுமா?"

முடியாது, பின்பக்கம் வெளியே இரண்டு கொக்கிகள் இருக்கின்றன, இறங்கிப் போய்ப் பூட்ட வேண்டும், ஒரு நிமிட வேலை என்றான் அவன். அவள் முகம் உடனே மூடிக்கொண்டது. விலைப்பட்டியலைக்கூட வாங்கவில்லை.

கிளம்பும்போது அவன் வழக்கமான கேள்வியாக, "எத்தனை பேர் படுப்பீர்கள்?" என்று கேட்டான்.

"ஒரு ஆள்" என்றாள் வாசுகி.

தவராசா காபிக் கோப்பையை மேசையில் வைத்தார். திரும்பி வரும் வழி முழுக்க நான் ஜன்னல் வழியாக மேப்பிள் மரங்களின் சிவப்பைப் பார்ப்பதுபோல நடித்தேன்.

அடுத்த நாள் வாசுகிக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டியிருந்தது. தவராசா எனக்கு ஊர் காட்டுகிறேன் என்று பேருந்தில் அழைத்துப்போனார். ஒரு தமிழ்க் கடைத்தொகுதியில் சூடான மீன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். வெளியே மொறுமொறு, உள்ளே மிளகுத் தூள் தொண்டையைப் பிடித்தது. கடை வாசலில் நின்று தின்றபோது அவர் மனதைத் திறந்தார்.

"அவ என்னை விட்டுட்டுப் போகப்போறா, தங்கச்சி."

"என்னங்க அண்ணா சொல்றீங்க?"

"ஒரு கோப்பை வாங்கி வச்சிருக்கிறா. ஒரு தட்டு. ஒரு கரண்டி. கட்டிலுக்குக் கீழை பெட்டியிலை கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை ஜீப்பை எடுத்துக்கொண்டு போறவ, பின்னேரம்தான் வாறா. எங்கை எண்டு கேட்டா, சும்மா ஓடினனான் எண்டுறா. எத்தினை கிலோமீட்டர் ஓடினது எண்டு நான் பாக்கிறனான். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். ஒரே இடத்துக்குத்தான் போறா."

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மகள்கிட்டச் சொன்னீங்களா?"

அவர்களுடைய மகள் பக்கத்து ஊரான யூனியன்வில்லில் இருக்கிறாள். சொன்னாராம். அவள் அம்மாவை அழைத்து, "அம்மா, யூ ஆர் பீயிங் வியேர்ட், ஒரு மாதிரி நடக்கிறீங்கள், தெரியுமா?" என்று கேட்டதாகவும், வாசுகி "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்ததாகவும் சொன்னார்.

திரும்பும் பேருந்தின் ஓட்டுநர் ஜமேக்காக்காரப் பெண்மணி. தவராசாவைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு வாசுகி சுகமா என்று கேட்டார். நாங்கள் முன்சீட்டில் உட்கார்ந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது ஓட்டுநர் தானாகவே பேசினார். "உங்கள் மனைவி சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு ஓய்வறைக்கு வரவே மாட்டார். கடைசி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு, காலியான பேருந்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். முதலில் பெருமைக்காரி என்று நினைத்தோம். பிறகு பழகிவிட்டோம்."

தவராசா தலையாட்டினார். இறங்கி நடக்கும்போது, "பாத்தீங்களோ? அப்பவே" என்றார். இத்தனை வருடத்து மதியச் சாப்பாடும் இப்போது அவருடைய சாட்சிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் பட்டியலிலும்தான். அன்று மாலை வாசுகி வெங்காயம் நறுக்கும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுப் போகிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் தேடினேன்.

மறுநாள் அஜக்ஸ் என்ற பக்கத்து ஊர். "ஒரு தமிழ்ப் பெடியன் செய்யிறான், அவன்ரை வேலையையும் பார்" என்றாள் வாசுகி. தவராசாவுக்கு மருத்துவரிடம் போகவேண்டியிருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். வழியில் அவள் சாலையைப் பார்த்தபடியே, "அவர் உன்னட்டை என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"சரிவராது எண்டு சொல்லச் சொல்லியிருப்பார். நீ என்ன சொல்லப்போறாய்?"

"வேலையைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்டி."

"அது காணும்" என்றாள். காணும் என்றால் இவர்கள் பேச்சில் போதும்.

அன்ரன் என்பவருடைய பட்டறை ஒரு தொழிற்பேட்டையின் கடைசியில் இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் மாதா படம், உள்ளே மூன்று வண்டிகள். நாற்பது வயது இருக்கும், மன்னார்க்காரர், ஓயாமல் பேசுகிறவர். எங்களைக் கண்டதும், "வாங்கோ அக்கா. போன ஞாயிறு வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், வரேல்லை" என்றார்.

நான் வாசுகியைப் பார்த்தேன். அவள் ஒரு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தூரம் இங்கேதான் முடிந்தது. மாதக்கணக்காக அவள் இங்கே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருக்கிறாள். மூடியைத் தானே தூக்கி இறக்கிப் பழகியிருக்கிறாள். தேர்வு எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியென்றால் என்னை எதற்குக் கடல் கடந்து வரவழைத்தாள்?

கோபத்தை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். இது நாலு மூலையும் சமமாக எழும்பும் வகை. வாயு அடைத்த நாலு தண்டுகள் மூடியைத் தூக்குகின்றன, உள்ளேயிருந்து வார்களைப் பிடித்து இழுத்து இறக்க வேண்டும். அறுத்த ஓரம் மூடாமல் கிடந்தது, கை வைத்துப் பார்க்கலாம். சுற்றிலும் அலுமினியச் சட்டம். ஆனால் ஒரு ரிவெட் இல்லை, ஒரு போல்ட் இல்லை. எல்லாம் பசை.

"ஒட்டியா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உது சாதாரணப் பசை இல்லை அக்கா. கண்ணாடி ஒட்டுறது, ரயில் பெட்டி ஒட்டுறது எல்லாம் உதாலைதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பசையால் ஒட்டிய இரண்டு தகட்டுத் துண்டுகளையும் ஒரு கடப்பாரையையும் கொடுத்தார். என் எடை முழுவதையும் போட்டு நெம்பினேன். தகடு வளைந்தது, பசை விடவில்லை. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. குளிர் காலத்தில் என்ன ஆகும், பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சலித்துக்கொண்டு, "சரி, உங்கட மனசுக்கு நாலு மூலைக்கும் போல்ட் போட்டுத்தாறன், காணுமே?" என்றார். பிறகு, தன்னுடைய சொந்த வண்டியிலும் இதே கூரைதான், ஒரு நாள் கொண்டுபோய்ப் படுத்துப் பாருங்கள் என்று சாவியை நீட்டினார்.

வெளியே வந்ததும் வாசுகியைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாம் முடிவு பண்ணிட்டு என்னை எதுக்குடி கூப்பிட்ட?"

"நான் பலமான கூரை எண்டு சொன்னா அவர் நம்பமாட்டார். நீ சொன்னா நம்புவார்."

"அவரு கூரை உடைஞ்சிடும்னு பயப்படலைடி."

அவள் அன்ரன் கொடுத்த சாவியைப் பைக்குள் போட்டாள். இருவருமாகச் சேர்ந்து என்னைப் பந்தாக உருட்டுகிறார்கள் என்று தோன்றியது. அன்றே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் தவராசா தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும் செய்து வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு அந்த யோசனையைத் தள்ளிப்போட்டேன்.

வடக்கே சில மணி நேரத் தூரத்தில் ஏரிக்கரையில் ஒரு காட்டுப் பூங்கா. அன்ரனின் வண்டியில் அங்கே போய் ஒரு இரவு தங்கிப் பார்ப்பதென்று ஏற்பாடு. தவராசா தானும் வருவேன் என்றார். இடமில்லை என்றாள் வாசுகி. சாரதி இருக்கையில் படுக்கிறேன் என்றார். வழியில் ஒரு சிற்றூரில் சோளக்கதிர் விற்ற வெள்ளைக்காரக் கிழவர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிரிலா?" என்று மட்டும் கேட்டார். அவித்த சோளத்துக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தார். எங்கள் ஊரில் எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் இல்லாமல் அதைக் கொடுத்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

பூங்காவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வாசுகி உள்ளே ஏறிக் கொக்கிகளை விடுவித்து மூடியைத் தள்ளினாள். தண்டுகள் மூச்சு விட்டுக்கொண்டு உயர்ந்தன. நடுவில் நிமிர்ந்து நின்றாள். கித்தானில் இருந்த வலை ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தபடி நெடுநேரம் அசையாமல் நின்றாள். நான் மூலைகளைத் தட்டிப் பார்த்தேன். தவராசா வெளியே நின்று கித்தானைத் தட்டிப் பார்த்தார். அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழையும் பனித்துகளும் பெய்தன. மூவரும் தூங்கவில்லை, மூவரும் தூங்குவதுபோலக் கிடந்தோம்.

காலையில் கூரை மூடவில்லை.

நனைந்த கித்தான் விறைத்துப்போய் பின்மூலையில் வெளிப்பக்கமாகப் பிதுங்கி, சட்டத்துக்கும் மூடிக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. மூன்று மூலை இறங்கியது, ஒன்று நின்றது. வாசுகி உள்ளே முழங்காலிட்டு வாரை இழுத்தாள். நான் உதவப் போனேன். "தொடாதை. நான் தனியச் செய்யவேணும்" என்றாள். வெளியே தவராசா அங்கிருந்த மரமேசையை இழுத்துப்போட்டு அதில் ஏறி, மேலேயிருந்து கூரையை அமுக்கினார். அமுக்க அமுக்கக் கித்தான் இன்னும் இறுகியது.

"தள்ளாதேங்கோ" என்றாள் உள்ளேயிருந்து.

அவர் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டினார். "சரியோ?"

"இல்லை. விடுங்கோ."

மறுபடி தட்டினார். "இப்ப சரியோ? கதவைத் திறவுமன், நான் வாறன்."

மூன்றாவது முறை தட்டியபோது அவள் வாரை விட்டாள். கதவைத் திறந்து ஈர மண்ணில் இறங்கி நின்றாள். மூச்சு வாங்கியது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"என்ன கேக்கவேணும்? அதைக் கேளுங்கோ" என்றாள்.

தவராசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீர் என்னை விட்டுட்டுப் போகப்போறீரோ?"

"இல்லை."

"அப்ப ஒரு கோப்பை ஏன்?"

"தனியப் போறதுக்கு. ஓம், தனியத்தான் போகப்போறன். திங்கள் போனா வியாழன் வந்திடுவன். உங்களை விட்டுட்டு இல்லை, ஆக்களை விட்டுட்டு."

பிறகு அவள் பேசியது நீளமாக இருந்தது. அதை அவள் சொன்ன ஒழுங்கிலேயே நினைவிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பத்தொன்பது வயதிலிருந்து ஒரு நாள்கூடத் தனியாக ஓர் அறையில் இருந்ததில்லை என்றாள். அகதி முகாமில் ஒரு துணிக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். கனடாவுக்கு வந்து நிலக்கீழ் வீட்டில் ஏழு பேர். பிறகு அவருடைய தம்பிமார், அவர்களுடைய பிள்ளைகள். வேலையில் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஐம்பது பேர். "எல்லாரும் நல்ல ஆக்கள். ஆனா எப்பவும் ஆரோ தட்டிக்கொண்டிருக்கினம்."

"அப்ப ஒரு ஹோட்டலிலை நிண்டிருக்கலாமே" என்றார் அவர். "கூடாரம் அடிச்சிருக்கலாம். கூரையை ஏன் வெட்டவேணும்?"

"நிலத்திலை கூடாரம் அடிச்சுப் படுத்தது எனக்குக் காணும். இடம்பெயர்ந்து ஓடேக்கை ஒருக்கா கூடாரத்துக்கு வெளியிலை சத்தம் கேட்டுது. அம்மாவும் நானும் வெளியிலை வந்துதான் ஓடவேண்டியிருந்தது. வேறை வழி இல்லை." வண்டிக் கதவில் கை வைத்தாள். "இதிலை சத்தம் கேட்டா நான் கீழை இறங்கத் தேவையில்லை. உள்ளை இருந்தே மூடிப்போட்டு, முன்னுக்குப் போய் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போகலாம். அப்பிடி ஒரு இடத்திலைதான் எனக்குத் தனிய நித்திரை வரும்."

காட்சியறையில் அவள் அந்த ஒரே கேள்வியைக் கேட்டபோது தப்பி ஓடப்போகிறவளின் கேள்வி என்று நான் நினைத்திருந்தேன். அது சரிதான். எதிலிருந்து என்பதில்தான் நானும் தவராசாவும் பிழைவிட்டோம்.

தவராசா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "முந்தியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். "கிலோமீட்டரைப் பாத்தீங்கள், ஏன் எண்டு என்னட்டைக் கேக்கேல்லை."

அவர் நடந்து ஏரிப் பக்கமாகப் போய் முதுகைக் காட்டி நின்றார். வாசுகி மறுபடி உள்ளே ஏறினாள். கித்தானை விரலால் உள்ளே செருகி, முழங்கையால் பிடித்து, வாரை இழுத்தாள். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. வெளியே வந்து கையைப் பார்த்தாள், விரல் கீறி இரத்தம் வந்திருந்தது. நான் என் சேலைத் தலைப்பை நீட்டப் போனபோது தவராசா ஏரியிலிருந்து திரும்பி வந்து கைக்குட்டையைக் கொடுத்தார்.

அன்ரனிடம் நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, மூலை போல்ட். மற்றது, கித்தானின் நடுவில் சுற்றிவர ஓர் எலாஸ்டிக் கயிறு ஓட வேண்டும், இறங்கும்போது துணியை அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலாவதைச் சிரித்துக்கொண்டும் இரண்டாவதை முணுமுணுத்துக்கொண்டும் ஒப்புக்கொண்டார். இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில், கூரையை வேண்டுமென்றேதான் அறுக்கிறீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டாள். ஜீப்பின் கூரையை அறுத்த நாளில் நானும் கூட இருந்தேன். பொறி பறந்தபோது வாசுகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பஸ்ஸுக்குக் கூரை போட்டிருக்கிறேன், நல்ல கூரையை அறுப்பதை அன்றுதான் பார்த்தேன். தவராசா அங்கே ஒரு மூலையில் நின்று அன்ரனிடம் பசை காய எவ்வளவு நேரம் பிடிக்கும், உண்மையிலேயே அவ்வளவுதானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை வாசுகி கிளம்பினாள். ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. தவராசா பிட்டுக் கட்டிக் கொடுத்தார். வியாழன் வருவேன் என்று சொன்னவளிடம் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் போன பிறகு ஜன்னலருகே நின்று, "எரிபொருள் நிரப்பினவவோ தெரியேல்லை" என்றார்.

இரண்டு நாட்கள் நானும் அவரும் தொலைக்காட்சி பார்த்தோம். மணி அடித்தால் அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வந்தவர்கள் எல்லோரும் வாசுகி எங்கே என்று கேட்டார்கள். வடக்கே போயிருக்கிறா என்றார். தனியவோ என்றார்கள். ஓம் என்றார். கறிவேப்பிலை அன்ரி மட்டும் என்னைத் தனியாக அழைத்து ஏதும் பிரச்சினையோ என்று கேட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் பால்கனியில் துணி எடுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். ஏழாவது மாடி. கீழே விருந்தினர் வாகனங்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தில் ஜீப் நின்றது.

"ஒரு நாள் முந்தி வந்திட்டா" என்றார். "ஏன் வந்தவ? நீங்கள் போன் ஏதும் பண்ணினீங்களோ?"

"இல்லீங்க அண்ணா."

"மெய்யாத்தான்?"

"மெய்யாத்தாங்க."

அவர் நம்பவில்லை. குளிராக இருந்திருக்கும், பயந்திருப்பா, இல்லாவிட்டால் கூரையில் ஏதோ பிழை, அந்தப் பசைதான், என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அதற்குள் கீழே ஜீப்பின் கூரை மெல்ல எழும்பியது. நாலு மூலையும் சமமாக. கித்தான் ஜன்னல் ஒன்றில் விளக்கு தெரிந்தது. வாசுகி வீட்டு வாசலுக்கு வந்தும் மேலே வரவில்லை.

தவராசா செருப்பை மாட்டினார், சாவியை எடுத்தார், கதவுவரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். பிறகு சாவியைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து பால்கனிக் கம்பியில் சாய்ந்தார். நான் குளிர்ச்சட்டை கொண்டுவந்து கொடுத்தேன். இருட்டத் தொடங்கியது.

வெகுநேரம் கழித்து விளக்கு அணைந்தது. கூரை ஒரே இழுவையில் இறங்கிப் படிந்தது, ஒரு மூலையும் மாட்டவில்லை. அவர் உள்ளே போய் மூன்று பேருக்குப் பிட்டு மாவை எடுத்தார்.